மஞ்சள் கட்டத்துக்குள் ஓராண்டு

விராபில்லா வட்டார மன்ற அலுவலகத்தில் காலைத் தேநீர் இடைவேளை பத்தரைக்குத் தொடங்கிப் பத்தே முக்காலுக்கு முடிவடையும். தொழிலாளர் ஒப்பந்தத்தின் பதினேழாம் பிரிவில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கால் மணி நேரத்தில் ஒரு மனிதன் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று மட்டும் எழுதப்படவில்லை. அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று கிரெய்க் பெட்டிக்ரூ வந்து சொல்லும்வரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலே இத்தனை வருடம் நின்றிருக்கிறோம்.

என் பெயர் ரேலீன். அந்த அலுவலகத்தைப் பதினான்கு வருடமாகக் கூட்டித் துடைப்பவள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு பேக்கரியில் ரொட்டி அடுக்கப் போனேன். அதனால் எழுத்தில் எது வந்தாலும் எனக்குப் பயம். மற்றவர்கள் சுற்றறிக்கையை ஒருமுறைகூடப் படிக்க மாட்டார்கள். நான் மூன்று முறை படிப்பேன். அப்படியும் வீட்டுக்குப் போன பிறகு, எதையோ விட்டுவிட்டோமோ என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

அலுவலகத்துக்கு முன்னால் ஒரு குராஜாங் மரம். சாலைக்கு அந்தப் பக்கம் முதியோர் பராமரிப்பு இல்லம். அதில் முதல் மாடி, இடமிருந்து நான்காவது ஜன்னல் என் புருஷன் டாரிலுடையது. டாரிலுக்கு இன்னும் அறுபத்துமூன்று முடியவில்லை. ரயில்வே யார்டில் பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. ஆனால் கைச்சைகை போகவில்லை. காலை பத்தரைக்கு நான் மரத்தடியில் நின்று கையைத் தூக்குவேன். அவர் ஜன்னலில் இடது கையை நேராக உயர்த்துவார். யார்டு பாஷையில் அதற்கு 'எல்லாம் சரி, வண்டியை எடு' என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் மதியம் சாப்பிடுவார். வேலை நாளில் நான் நிற்காவிட்டால் அன்று வாயைத் திறக்க மாட்டார். சிக்னல் விழாமல் வண்டி எடுக்கிற ஆள் இல்லை அவர்.

சாயங்காலம் வேலை முடிந்து நேரில் போகிறேன்தான். அது வேறு. சிக்னல் வேறு.

சென்ற வருடம் ஏப்ரலில் யாரோ ஒரு வரி செலுத்துபவர் மன்றத்துக்குக் கடிதம் எழுதினார். 'எங்கள் வரிப்பணம் மரத்தடியில் நிற்கிறது' என்று ஒரே வரி. கீழே கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாத கடிதத்துக்கு மன்றத்தில் எப்போதும் தனி மரியாதை. கிரெய்க் பெட்டிக்ரூ உடனே செயலில் இறங்கினார். முப்பத்துநாலு வயது, பணியிட நலன் மற்றும் இணக்க ஒருங்கிணைப்பாளர். நாங்கள் நலமாக இருக்கிறோமா என்று பார்ப்பதும், இல்லாவிட்டால் அதற்கு நாங்களே காரணம் என்று எழுதிவைப்பதும் அவர் பொறுப்பு.

மூன்று நாளில் முப்பத்தொன்றாம் சுற்றறிக்கை வந்தது. தலைப்பு: 'வெளிப்புற நிற்றல் தொடர்பான நெறிமுறை.' இடைவேளையில் ஊழியர்கள் தேநீர் அறையிலேயே இருக்க வேண்டும். கீழ்க்கண்ட மூன்று காரணங்களுக்காக மட்டுமே கட்டடத்தை விட்டு வெளியேறலாம். ஒன்று, மின்னணு ஆவி உறிஞ்சு கருவி, அதாவது வேப் எனப்படும் மின்சிகரெட் பயன்படுத்துதல். இரண்டு, பாம்பு அல்லது அதையொத்த உயிரினம் கட்டடத்துக்குள் நுழைதல். மூன்று, எச்சரிக்கை மணி ஒலித்து அனைவரும் வெளியேறுதல்.

தேநீர் அறையின் ஜன்னல் குப்பைத்தொட்டிகளைப் பார்த்திருக்கிறது. நான் சுற்றறிக்கையோடு கிரெய்க்கின் அறைக்குப் போனேன்.

"கிரெய்க், என் வீட்டுக்காரருக்குக் கை காட்டணும். ரெண்டு நிமிஷம் போதும்."

"புரியுது ரேலீன். ரொம்ப மனசுக்குக் கஷ்டமா இருக்கு." அவர் கணினியில் எதையோ தட்டினார். "ஆனா கை காட்டுறதுக்குக் குறியீடு இல்லையே."

"குறியீடு எதுக்கு? நான்தான் நேர்ல சொல்றேனே."

"நீங்க சொல்றீங்க. சிஸ்டம்ல நான் என்ன போடுறது? ஒண்ணுன்னா வேப். ரெண்டுன்னா பாம்பு. உங்க வீட்டுக்காரரைப் பாம்புல போட முடியாது."

"வேப் ஊதுறவங்களை மட்டும் ஏன் வெளிய விடுறீங்க?"

"அவங்க நோயாளிங்க, ரேலீன். உள்ள ஊதுனா சட்ட விரோதம். ஊதாம இருக்கச் சொன்னா மனித உரிமை. அதனால மன்றத்துக்கு ஒரு கடமை வருது. உங்களுக்கு அந்த மாதிரி எதுவும் இல்லை. நல்லா இருக்கீங்க."

"நல்லா இருக்கிறதுதான் தப்பா?"

அவர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "நான் யாரையும் ஊதச் சொல்ல முடியாது. என் பதவிக்கு அது அழகில்லை. ஆனா ஒரு தகவல். பதிவு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் திறந்திருக்கு."

எனக்கு வேப் என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது. எங்கள் நாட்டில் அதை மருந்துக்கடையில் மருந்தாளுநரிடம் முகத்தைக் காட்டி, காரணத்தைச் சொல்லி வாங்க வேண்டும். மருந்தாளுநர் என் நாத்தனார் மகள். கேட்டால் ஒரு மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே முன்கவுன்ட்டரில் இருக்கும் நைரியிடம் போனேன். நைரி நியூசிலாந்துக்காரி. தொலைந்த பொருட்கள் பெட்டி அவள் மேசைக்கடியில் இருக்கிறது.

"நீச்சல்குளத்து உடை மாத்துற ரூம்ல பசங்ககிட்ட பிடிச்சது, நாப்பதுக்கு மேல கெடக்கு," என்று பெட்டியை இழுத்துப் போட்டாள். "மீன் சந்தை மாதிரி பொறுக்கிக்கோடி. ஊதாக்கலர் வேணுமா? இல்ல, இந்த மாம்பழக் கலர்?"

"எது பாதுகாப்பு?"

"நீ ஊதவா போற? எல்லாமே பாதுகாப்புதான்."

கருவி கிடைத்தால் மட்டும் போதாது. எங்கள் அலுவலகத்தில் மின்சாரம் ஓடுகிற எந்தப் பொருளும் பரிசோதனைச் சீட்டு ஒட்டாமல் இருக்கக்கூடாது. கெட்டிலுக்கு உண்டு, தரை துடைக்கும் இயந்திரத்துக்கு உண்டு, போன வருடம் கிறிஸ்துமஸ் மரத்துக்கும் ஒட்டினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் எலக்ட்ரீஷியன், பேனா மாதிரி இருந்த என் ஊதாக் கருவியை வாங்கி, ஒயரை மாட்டிப் பார்த்து, சீட்டைச் சுற்றினான். கருவியைவிடச் சீட்டு பெரிதாக இருந்தது.

"ஊதிக் காட்டணுமா?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"எனக்கு ஷாக் அடிக்குதா இல்லையான்னுதான் தெரியணும். புகை வருதா இல்லையா எங்க டிபார்ட்மென்ட் இல்லைம்மா."

கிரெய்க் மரத்தடியில் மஞ்சள் பெயின்டில் ஒரு கட்டம் வரையச் சொன்னார். நான்கு மீட்டருக்கு மூன்று மீட்டர். 'நியமிக்கப்பட்ட வெளிப்புற ஆவிப் பகுதி' என்று பலகை. திங்கட்கிழமை பத்தரைக்கு நான் கட்டத்துக்குள் போய் நின்று, ஊதாப் பேனாவை மெழுகுவத்தி மாதிரி பிடித்துக்கொண்டு, மறு கையைத் தூக்கினேன். டாரில் கையை உயர்த்தினார். அன்று இறைச்சியும் பட்டாணியும் முழுத் தட்டு சாப்பிட்டார் என்று அங்கே அவரைப் பார்த்துக்கொள்ளும் லூபே போனில் சொன்னாள்.

அடுத்த வாரம் நைரியும் பதிவுசெய்துகொண்டாள். அவளுக்கு வெயில் வேண்டும். சாலைப் பிரிவு மேஸ்திரி கோர்டோ பதிவுசெய்துகொண்டான். அவனுக்குக் குதிரைப் பந்தய முடிவு கேட்க வேண்டும், தேநீர் அறையில் சிக்னல் எடுக்காது. கணக்குப் பிரிவில் நாலு பேர், கணக்குப் பிரிவின் மற்ற நாலு பேரைப் பற்றிப் பேசுவதற்காக. பிறகு அந்த மற்ற நாலு பேர். ஜூன் முடிவதற்குள் இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் பதிவுபெற்ற ஆவி உறிஞ்சுவோர் ஆகிவிட்டோம். தொலைந்த பொருட்கள் பெட்டி காலி, கருவிகளை எங்களுக்குள் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வோம். கட்டத்துக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்போம். எல்லோர் கையிலும் சீட்டுத் தொங்கும் கருவி. ஒரு பொட்டுப் புகை கிடையாது. சாலையில் போகிறவர்கள் என்ன பிரார்த்தனை என்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

பதியாத மூவரில் ஒருவர் நீண்ட விடுப்பு. இன்னொருவர் தலைமை அதிகாரி. கூட்டத்திலேயே வாழ்கிறவர், அவருக்கு வெளி உலகம் தேவைப்படுவதில்லை. மூன்றாமவர் கிரெய்க். "விதியை எழுதுனவனே அதுல பலன் அடையக்கூடாது," என்று மார்பில் கைவைத்துச் சொன்னார்.

இதில் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. கழிப்பறைகளில் யாரும் திருட்டுத்தனமாக ஊதிவிடக்கூடாது என்று அந்த வருடம் கூரையில் ஆவி உணரிகளைப் பொருத்தியிருந்தார்கள். சிறிது ஆவி பட்டாலும் கட்டடத்துக்குள் மணி அலறும். ஊர்த் தீயணைப்புப் படை வராது, ஆனால் நாங்கள் எல்லோரும் வெளியே ஓட வேண்டும். ஓடிப்போய்க் கூட வேண்டிய இடமும் அதே குராஜாங் மரம்தான். ஊரில் வேறு நிழல் இல்லை. கடைசி மூலையிலிருக்கும் அகலமான கழிப்பறையைத் துடைக்கப் போனபோது, உணரியின்மேல் ஒரு பிளாஸ்டிக் குளியல் தொப்பி மாட்டியிருந்தது. மோட்டல்களில் கொடுப்பார்களே, ஓரத்தில் ரப்பர் வைத்தது. அறை முழுவதும் மாம்பழ வாசனை. அந்த அறையின் சாவி கிரெய்க்கிடம் மட்டும்தான் இருந்தது. என்னிடம் துப்புரவுச் சாவி.

நான் ஏன் சொல்ல வேண்டும்? கூரையில் தூசு படாமல் தொப்பி போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். சுற்றித் துடைத்துவிட்டு வந்தேன்.

இப்படியே ஒரு வருடம் ஓடியது. மணி ஒருமுறைகூட அடிக்கவில்லை. ஏப்ரலில் படிவம் வந்தது. 'ஓராண்டுப் பயன்பாட்டு மதிப்பீடு: எனக்குப் பிடித்த கருவிகளும் துணைப்பொருட்களும்.' இதை நிரப்பினால்தான் பதிவு புதுப்பிக்கப்படும். கடைசியில் பொடி எழுத்தில், உண்மைக்குப் புறம்பான தகவல் தருவது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது என்றிருந்தது.

மற்றவர்கள் எல்லாக் கட்டத்திலும் 'நன்று' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கை வரவில்லை. இரண்டு இரவு தூக்கம் போயிற்று. வேலை போனால் இல்லத்துக்கு யார் கட்டுவது, பொய் எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்களோ, உண்மை எழுதினால் என்ன ஆகும், அடுப்பை அணைத்தேனா. கடைசியில் ஒருநாள் சாயங்காலம் சமையல் மேசையில் உட்கார்ந்து எழுதினேன். பொய் ஒன்றும் எழுதவில்லை. அந்த மதிப்பீடு இதுதான்.

*முதல் கருவி. ஊதாப் பேனா. ஏப்ரல் முதல் ஜூன் வரை. மெலிந்த உடம்பு, கைக்கு அடக்கம். குனிந்தால் சட்டைப்பையிலிருந்து விழுகிறது. மூன்று முறை துடைப்பத் தண்ணீர் வாளியில் விழுந்தது. அதனால் அதற்கும் கெடுதல் இல்லை, வாளிக்கும் இல்லை. தேநீர் அறை ஜன்னலின் உடைந்த கொக்கியை நெம்ப இதைவிடப் பொருத்தமான கருவி நான் பார்த்ததில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. அது குறை.*

*இரண்டாம் கருவி. கறுப்புப் பெட்டி வடிவம். ஜூலை, ஆகஸ்ட். கனமானது. பொத்தானைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் சூடேறும். எங்கள் ஊர்க் குளிர்காலமான ஜூலையின் உறைபனியில் விரல்களுக்கு மிகவும் இதம். காற்றில் காகிதம் பறக்காமல் மேலே வைக்கலாம். ஒரு சின்னத் திரையில் ஏதோ எண் தெரிகிறது. அது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. என்ன குறைகிறது என்று தெரியாமல் எனக்குக் கவலையாக இருந்தது. கவலைப்படுகிறவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.*

*மூன்றாம் கருவி. வெள்ளி நிறம், நீளமானது. செப்டம்பர், அக்டோபர். மேக்பை பறவை முட்டையிட்டு, போகிறவர் தலையைக் கொத்த வரும் காலத்துக்கு ஏற்றது. தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தால் பறவை கருவியைக் கொத்துகிறது, தலையைக் கொத்துவதில்லை. கோர்டோ உயர்த்திப் பிடிக்கவில்லை. அவனுக்கு நாலு தையல்.*

*நான்காம் கருவி. வெள்ளை, சிவப்பு விளக்கு எரிவது. நவம்பரில் ஒரே நாள். என் கணவர் ரயில்வேக்காரர். சிவப்பைப் பார்த்ததும் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். சக்கர நாற்காலியை நகர்த்த விடவில்லை. சாயங்காலம் நான் போய் விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. இதை யாருக்கும் கொடுக்கக்கூடாது.*

*ஐந்தாம் கருவி. மாம்பழ நிறம், தட்டையானது. நவம்பர் முதல் இன்றுவரை. பொத்தானை ஐந்து முறை தட்டினால் பச்சை விளக்கு. மழை மூட்டத்திலும் சாலைக்கு அந்தப் பக்கம்வரை தெரிகிறது. இதைக் காட்டிய முதல் நாள் என் கணவர் கையை உயர்த்தியதோடு நிற்காமல் சிரித்தார் என்று சொன்னார்கள். இந்த ஆண்டின் சிறந்த கருவி இதுவே.*

*துணைப்பொருட்கள். கழுத்துக் கயிறு: மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொள்ள நன்று. கருவியின் சூட்டுச் சுருள் வைக்கும் தகர டப்பா: பட்டன், ஊசி போட்டு வைக்கலாம். ரப்பர் மூடி: மேசைக்கால் ஆட்டம் நின்றது.*

*சுவை? மேலே இருக்கும் படத்தில் நன்றாக இருக்கிறது.*

*எத்தனை முறை? வாரம் ஐந்து நாள், காலை பத்தரைக்கு. ஒருநாளும் தவறியதில்லை.*

*பயன்படுத்த முடியாமல் போனால் எப்படி உணர்வீர்கள்? மனம் தாங்காது. நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. அன்று முழுவதும் வேலை ஓடாது.*

இரண்டு நாள் கழித்து கிரெய்க் கூப்பிட்டனுப்பினார். போச்சு என்று நினைத்துக்கொண்டு ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டே போனேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"ரேலீன், பத்தொன்பது படிவத்துல எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதுன ஒரே ஆள் நீங்கதான்."

"தப்பா ஏதாவது..."

"தப்பா? இதைப் பாருங்க. கருவி வாரியா, மாச வாரியா. வெப்பம், வெளிச்சம், பாதுகாப்பு. சுவைங்கற இடத்துல எவ்வளவு அடக்கம்! இந்தக் கடைசி பதில்..." அவர் நிறுத்திப் படிவத்தைத் தடவினார். "அடிமைத்தனத்தை இவ்வளவு நேர்மையா யாரும் எழுதி நான் படிச்சதில்லை."

"கிரெய்க், நான் ஒண்ணு சொல்லிடறேன். நான் இதை ஊதுனதே..."

"சொல்லாதீங்க." கையைக் காட்டித் தடுத்தார். "ஊதுறதைப் பத்திப் படிவத்துல கேள்வியே இல்லை. கேக்காததைச் சொன்னா அது தனிப்பட்ட மருத்துவத் தகவல் ஆயிடும். அப்புறம் நான் அதைக் காதுல வாங்கினதுக்கு ஒரு படிவம் நிரப்பணும்."

என் மதிப்பீட்டை மன்றச் செய்தி மடலில் போட்டார்கள். தலைநகரிலிருந்து யாரோ பாராட்டி எழுதினார்கள். 'பொறுப்புள்ள பயனாளர்' என்று எனக்கு ஒரு பேட்ஜ். கோர்டோ கட்டத்துக்குள் நின்று என்னைப் பார்த்து வணங்கினான்.

"தாயே, நாலு தையல் போட்டதைக்கூட அரசிதழ்ல ஏத்திட்டியே!"

"பேரைப் போட வேண்டாம்னுதான் நினைச்சேன். உண்மையை எழுதுன்னு போட்டிருந்ததே."

"அதை எவளாவது படிப்பாளா? நீ ஒருத்திதான்டி படிப்ப," என்றாள் நைரி.

நான் ஒருத்தி படித்து எழுதியதன் விலை மே மாதம் தெரிந்தது. பாராட்டு வந்த கையோடு ஒரு யோசனையும் வந்திருந்தது. இவ்வளவு பக்குவமான பயனாளர்கள் இருக்கும் இடத்தில் அடுத்த படி என்ன? பழக்கத்திலிருந்து விடுவிப்புதான். பத்தொன்பது பேருக்கும் வாயில் ஒரு குச்சியை வைத்து எச்சில் எடுத்தார்கள். உடம்பில் எவ்வளவு நிகோடின் இருக்கிறது என்று பார்த்து, ஆளுக்குத் தகுந்த சிகிச்சை கொடுப்பதாகத் திட்டம்.

முடிவு வந்தது. பத்தொன்பது பேருக்கும் சுழியம்.

யாராவது ஒருவர் இதில் ஏதோ இடிக்கிறதே என்று யோசிப்பார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். யோசித்தார்கள். கிரெய்க் ஒரு மத்தியானம் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். பிறகு எல்லோரையும் தேநீர் அறையில் கூட்டி, கேக் வெட்டி, அறிவித்தார். சென்ற ஏப்ரலில் பத்தொன்பது பேர் ஆவிக்கு அடிமைகளாகப் பதிவாகியிருந்தார்கள். இன்று ஒருவர்கூட இல்லை. சிகிச்சை தொடங்கும் முன்பே நூற்றுக்கு நூறு வெற்றி. நாட்டில் எங்கும் நடந்ததில்லை.

"எச்சில் பொய் சொல்லாது," என்றார்.

'ஆவியற்ற பணியிடம்' என்று ஒரு சான்றிதழ் சட்டம் போட்டு வந்தது. வரவேற்பறையில் மாட்டினார்கள். அன்று சாயங்காலமே மஞ்சள் கட்டத்தைச் சாம்பல் நிறம் பூசி அழித்தார்கள். சுற்றறிக்கையில் முதல் குறியீட்டை நீக்கினார்கள். நோயாளி இல்லாத இடத்தில் எதற்கு மருந்து?

தேநீர் அறையில் எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். கோர்டோ குப்பைத்தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "பேட்ஜ் எங்க, ரேலீன்? குத்திக்கலையா?"

முதல் நாள் டாரில் சாப்பிடவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. சாயங்காலம் போய் நான் ஊட்டிப்பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு ஜன்னலையே பார்த்தார். காலையில் ஏன் வரவில்லை என்பதை நான் எப்படிச் சொல்வது? நான் விடுவிக்கப்பட்டுவிட்டேன் என்றா? மூன்றாம் நாள் லூபே போன் செய்தாள்.

"அக்கா, பத்தரை ஆனதும் நாற்காலியோட பிரேக்கை அவரே போட்டுக்கிறார். எடுக்க விடமாட்டேங்கிறார். இன்னைக்கும் சாப்பிடலைன்னா நாளைக்கு டாக்டர் டியூப் போடச் சொல்லிருவாரு. ஒரு நிமிஷம் அந்த மரத்தடியில நின்னுட்டுப் போயேன். அதுல என்ன இருக்கு?"

அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குச் சொல்ல ஒரு மணி நேரம் ஆகும். நான் கிரெய்க்கின் அறைக்குப் போனேன்.

"மூணு நாளாச் சாப்பிடலை கிரெய்க்."

"ஐயோ." உண்மையிலேயே வருத்தப்பட்டார். அவரிடமிருந்து மெல்லிய மாம்பழ வாசனை வந்தது. "திரும்பப் பதிவு பண்ணலாம்னா, மறுபடி அடிமையாயிட்டீங்கன்னு போடணும். நூத்துக்கு நூறு போயிடும். தலைநகர்ல இருந்து அடுத்த மாசம் பாக்க வர்றாங்க. கட்டடத்துக்குள்ள பாம்பு எதுவும் பாத்தீங்களா?"

"இல்லை."

"அதான் நேர்மை," என்றார் சோகமாக.

வீட்டுக்குப் போய்ச் சுற்றறிக்கையை எடுத்து நான்காவது முறையாகப் படித்தேன். ஒன்று அடிக்கப்பட்டிருந்தது. இரண்டு பாம்பு. மூன்றாவதை நாங்கள் யாரும் இதுவரை பயன்படுத்தவேயில்லை.

மறுநாள் காலை பத்து இருபத்தேழுக்கு மூலைக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஸ்டூலில் ஏறி உணரியிலிருந்து குளியல் தொப்பியைக் கழற்றி, நாலாக மடித்து ஏப்ரன் பையில் போட்டேன். மாம்பழக் கருவியை வாயில் வைத்தேன். ஐம்பத்தாறு வயதில், நூற்றுக்கு நூறு விடுவிக்கப்பட்டவள் என்ற சான்றிதழ் வரவேற்பறையில் தொங்க, வாழ்க்கையில் முதல்முறையாக ஊதினேன்.

இருமல் என்றால் அப்படி ஒரு இருமல். நல்லவேளையாக மணி என்னைவிடச் சத்தமாக அலறியது.

எல்லோரும் வெளியே ஓடினார்கள். கூட்டத்தில் வாழும் தலைமை அதிகாரிகூடக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலில் வந்து நின்றார். நான் கண்ணீரும் மூக்குநீருமாக மரத்தடிக்கு வந்து, பொத்தானை ஐந்து முறை தட்டி, பச்சை விளக்கை உயரத் தூக்கினேன். நான்காவது ஜன்னலில் ஒரு நிமிடம் அசைவில்லை. பிறகு அந்த இடது கை நேராக எழுந்தது. இறங்கவேயில்லை. நானும் இறக்கவில்லை. நைரி என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பிறகு அவளும் கையைத் தூக்கிவிட்டாள். கோர்டோ தொப்பியைக் கழற்றி ஆட்டினான்.

கிரெய்க் பெயர்ப் பட்டியலோடு ஓடிவந்தார். "யாரு? யாரு ஊதுனது?"

"இங்க ஊதுறவங்க யாரும் இல்லையே," என்றான் கோர்டோ. "சான்றிதழே இருக்கே."

கிரெய்க் என்னிடம் வந்தார். என் சிவந்த கண்ணையும் கையிலிருந்த பச்சை விளக்கையும் பார்த்தார். பிறகு ஏப்ரன் பையிலிருந்து எட்டிப்பார்த்த ரப்பர் ஓரத்தைப் பார்த்தார். அவரால் தொப்பியைப் பற்றிக் கேட்க முடியாது. ஆவியைப் பற்றிக் கேட்டால் சான்றிதழ் போகும். நாங்கள் இருவரும் மரியாதையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நீராவியா இருக்கும்," என்றார் கடைசியில்.

"வெந்நீர் விட்டுத் துடைச்சேன்," என்றேன்.

அன்று டாரில் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

மறுநாள் பத்து இருபத்தேழுக்கு நான் போனபோது மூலைக் கழிப்பறை உள்ளே தாழிட்டிருந்தது. கிரெய்க்கிடமிருந்து சாவியை எனக்கு முன்பே யாரோ வாங்கியிருக்கிறார்கள். "போய் மரத்தடியில நில்லுடி, நான் பாத்துக்கிறேன்," என்று உள்ளிருந்து நைரியின் குரல் இருமியது. அதற்கு அடுத்த முறை கோர்டோ. கணக்குப் பிரிவு முறை போட்டுப் பட்டியல் தயாரித்தது. அவர்கள் தயாரித்ததில் பிழை இல்லாத முதல் பட்டியல் அது. இரண்டு வாரம் கழித்து கிரெய்க் என்னை நடைபாதையில் நிறுத்தி, சுவரைப் பார்த்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமைக்கு யாருமில்லைன்னா நான் இருக்கேன்," என்றார்.

ஒருநாள் விடாமல் மணி அடிக்கிறது. தலைநகரிலிருந்து பார்க்க வந்தவர்கள் இருக்கும்போதும் அடித்தது. நாற்பத்தொரு நொடியில் கட்டடத்தைக் காலி செய்து கையைத் தூக்கிக்கொண்டு நின்ற எங்களைப் பார்த்து அசந்துபோய், அவசரகால வெளியேற்றத்துக்கு ஒரு கேடயம் அனுப்பிவைத்தார்கள். டாரில் அரைக் கிலோ ஏறியிருக்கிறார். எதிர் இல்லத்தில் இப்போது மற்ற ஜன்னல்களிலும் பத்தரைக்கு ஆட்கள் வந்து உட்காருகிறார்கள்.

என் மதிப்பீட்டில் மட்டும் ஒரு திருத்தம் எழுத வேண்டும் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதினால் எங்கே கொடுப்பது? ஊதுபவர்களே இல்லாத அலுவலகத்தில் அந்தப் படிவத்தை நிறுத்திவிட்டார்கள். சுவை என்ற கேள்விக்கு நான் எழுதியது சரியில்லை. மாம்பழம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. முதல் பத்து நாள்தான் இருமல். இப்போது என் முறை இல்லாத நாட்களில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கை பரபரக்கிறது. நைரிக்கு இரண்டு மணிக்கே. கோர்டோ லாரியில் ஒன்று, சட்டையில் ஒன்று வைத்திருக்கிறான். மூலை அறையில் கூட்டம் தாங்கவில்லை. மத்தியான நேரத்தில் மணி அடித்துவிடாதபடி நான் உணரிமேல் தொப்பியைத் திரும்ப மாட்டிவைக்கிறேன்.

'ஆவியற்ற பணியிடம்' சான்றிதழ் வரவேற்பறையில்தான் இருக்கிறது. முன்பெல்லாம் அதன் கண்ணாடியை மாதம் ஒருமுறை துடைத்தால் போதும். இப்போது தினமும் துடைக்க வேண்டியிருக்கிறது. சாயங்காலத்துக்குள் அதன்மேல் மாம்பழ வாசனையோடு ஒரு பிசுபிசுப்புப் படிந்து, எழுத்தே தெரிவதில்லை.